51-லிருந்து 27 போனால்: ஒரு கணக்கை வைத்து வகுப்பைப் பிரிப்பது

ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பாடக்குறிப்பு எழுத என்னால் முடியாது. ஈராசிரியர் பள்ளியில் இருப்பவர்களுக்கு இது புரியும். நான் எழுதுவது ஒரே குறிப்பு. ஆனால் அதில் வரும் முதல் கணக்கை யோசித்துத்தான் தேர்ந்தெடுப்பேன்.

மூன்றாம் வகுப்பில் கடன் வாங்கிக் கழித்தலை எடுத்துக்கொள்வோம். பலரும் 52 − 27 என்று ஆரம்பிப்பார்கள். அது வேண்டாம். சிறிய இலக்கத்தைப் பெரியதிலிருந்து கழிக்கும் பிள்ளைக்கும் 35 வரும். கடன் வாங்கிவிட்டு பத்தைக் குறைக்க மறந்த பிள்ளைக்கும் அதே 35தான் வரும். யாருக்கு என்ன சிக்கல் என்று நோட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

51 − 27 கொடுங்கள். முதல் பிள்ளை 36 எழுதும், இரண்டாவது 34. குறியைப் பார்க்காமல் கூட்டியது 78 எழுதும். 23, 25 என்று வந்தால் பெரும்பாலும் விரல்விட்டு எண்ணுவதில் நழுவியிருக்கும். சந்தேகம் இருந்தால் "எப்படிப் போட்ட, சொல்லு கண்ணு" என்று கேட்டுவிடுங்கள்.

36 எழுதியவர்களோடு நீங்கள் உட்காருங்கள். பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்ட ஈர்க்குச்சிக் கட்டு ஐந்து, உதிரி ஒன்று. "ஏழு குச்சி கொடு" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். கட்டை அவர்களே அவிழ்க்க வேண்டும். இதற்கு நேரம் ஆகும், ஆகட்டும். 34 எழுதியவர்களுக்குக் குச்சி தேவையில்லை. ஒன்றுகளைத் தொடும் முன்பே 5-ஐ அடித்து மேலே 4 எழுதப் பழக்குங்கள். அப்புறம், விடையோடு 27-ஐக் கூட்டி 51 வருகிறதா என்று அவர்களே பார்க்கட்டும். சரியாக 24 எழுதியவர்களிடம், "36 எப்படி வந்திருக்கும்?" என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சும்மா இன்னும் பத்துக் கணக்கு கொடுப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

2022-இல் தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்ததிலிருந்து, பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி பிரிக்கும் அரும்பு, மொட்டு, மலர் (இதுதான் மேல்நிலை) என்ற பிரிவுகள் நமக்குப் பழக்கம்தான். ஆனால் இந்தக் கணக்குக்கு அந்தப் பிரிவை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மலரில் இருக்கும் பிள்ளையும் 34 எழுதும்.

பாடக்குறிப்பில் வெள்ளிக்கிழமைக்குப் புதிய பாடம் எதுவும் எழுதாதீர்கள். அன்று 73 − 46. 33 வந்தால் மறுபடி ஈர்க்குச்சி, 37 வந்தால் அடித்து எழுதும் பழக்கம். 27 எழுதியவர்கள் திங்கள் முதல் 300 − 126-க்குப் போகலாம்.