பேட்டரி பொம்மையைப் பெரிய பட்டனில் ஓட்ட: தகடு செய்வது முதல் பட்டன் வைப்பது வரை

பெருமூளை வாதமோ தசைச்சிதைவோ உள்ள குழந்தைக்கு நடக்கும் பொம்மை நாயை வாங்கிக் கொடுத்தால், வயிற்றுக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்ன ஸ்விட்சை நகர்த்த விரல் வராது. பெரியவர் ஓட்டுவார், குழந்தை வேடிக்கை பார்க்கும். உள்ளங்கை அகல பட்டனை எப்படித் தட்டினாலும் நாய் நடக்கும்படி செய்துவிடலாம். பொம்மையைப் பிரிக்க வேண்டாம். பேட்டரிக்கும் ஸ்பிரிங்குக்கும் நடுவே ஒரு தகடு செருகினால் போதும். தகடு மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும்; பட்டனைத் தட்டும்போது அதன் இரு பக்கமும் ஒயர் வழியாக இணைந்து பொம்மை ஓடும். சாலிடர் வைக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் பொம்மை. ஏஏ பேட்டரியில் ஓடுவது நல்லது. ஆன் செய்து, ஓடும்போதே ஒரு பேட்டரியை எடுத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். தானாக மறுபடி ஓடினால் அது தோதானது. சும்மா நின்று, உடம்பில் இருக்கும் பட்டனை அமுக்கினால்தான் ஓடுமென்றால் இந்த முறை பலிக்காது; உள்ளே திறந்து அந்தப் பட்டனின் இரு முனைகளிலும் ஒயர் வைக்க வேண்டும், அது வேறு வேலை. பட்டன் செல் பொம்மை வேண்டவே வேண்டாம். விழுங்கினால் உணவுக்குழாயையே அரித்துவிடும்.

இரண்டு பக்கமும் தாமிரம் உள்ள பிசிபி (மின்சுற்று செய்யப் பயன்படும்) பலகை வாங்குங்கள். தடிமன் 0.8 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. கடையில் சட்டென்று கிடைப்பது 1.6 மி.மீ.; அதைத் திணித்தால் பேட்டரி மூடி மூடாது. அட்டையில் தாமிர டேப் ஒட்டியும் செய்யலாம், ஆனால் ஸ்பிரிங் குத்திக் குத்திக் கிழிந்துவிடும் என்பதால் எனக்குப் பிடிக்காது. 10 மி.மீ. அகலம், 20 மி.மீ. நீளத்தில் ஒரு துண்டு வெட்டுங்கள்.

எல்லாரும் தடுக்கி விழும் இடம் இதுதான்: வெட்டும்போது ஒரு பக்கத் தாமிரம் ஓரத்தில் இழுபட்டு மறுபக்கத்தைத் தொட்டுக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத பிசிறு போதும். பட்டனைத் தொடாமலே பொம்மை ஓடும். நான்கு ஓரங்களையும் உப்புத்தாளில் சாய்த்துத் தேயுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை ஒரு பக்கத்திலும் மற்றதை மறுபக்கத்திலும் வையுங்கள். பீப் சத்தம் வரக் கூடாது. வந்தால் இன்னும் தேய்க்க வேண்டும். சாலிடர் வைத்த பிறகு இன்னொரு முறை பாருங்கள், ஈயம் வழிந்திருக்கலாம்.

ஒயர் இரண்டையும் பக்கத்துக்கு ஒன்றாக, பேட்டரி தொடாத நுனியில் வையுங்கள். நடுவில் வைத்தால் சாலிடர் முடிச்சு தகட்டைத் தூக்கிவிடும். இரும்பை அதிக நேரம் அழுத்தினால் தாமிரம் உரிந்து வரும். பழைய இயர்போன் ஒயரைத் தவிருங்கள்; அதன் இழைகளில் அரக்குப் பூச்சு இருப்பதால் சுரண்டாமல் சாலிடர் பிடிக்காது. ஒயர் 50 செ.மீ. போதும், மறுமுனையில் 3.5 மி.மீ. மோனோ (இரண்டே தொடுமுனை உள்ள) சாக்கெட்.

பட்டனுக்கு ஆர்கேட் விளையாட்டு எந்திரத்தில் வரும் 100 மி.மீ. குமிழ் பட்டன் என் தேர்வு. மெல்லத் தட்டினாலும் ‘டக்’ என்று கையில் உணரும். அடியில் உள்ள மைக்ரோஸ்விட்சில் மூன்று கால்கள் இருக்கும்: காம் (பொதுக் கால்), என்ஓ (தட்டினால் காமோடு இணைவது), என்சி (தட்டாதபோது இணைந்திருப்பது). முதல் இரண்டில்தான் ஒயர். என்சி-யில் வைத்தால் பொம்மை ஓடிக்கொண்டே இருக்கும், தட்டினால் நிற்கும். ஒயரின் முனையில் 3.5 மி.மீ. மோனோ பிளக்.

தகட்டை ஸ்பிரிங் பக்கம் செருகுங்கள். எதிர்ப்பக்கத்தில் பல பொம்மைகளில் தொடுதகடு பிளாஸ்டிக் விளிம்புக்குள் ஒளிந்திருக்கும். பேட்டரி மூக்கு எட்டும், நம் தகடு எட்டாது. மூடியின் ஓரத்தில் அரத்தால் சின்னக் காடி எடுத்தால் ஒயர் நசுங்காது.

இதுவரை ஒரு மணி நேர வேலை. பட்டனை எங்கே வைப்பது என்பதற்குத்தான் பொறுமை தேவை. இடுப்பு பின்னால் ஒட்டி, பாதம் தரையிலோ பலகையிலோ பதிந்து உட்கார்ந்த பிறகே தொடங்குங்கள். உடம்பு ஆடினால் கை வராது. கைதான் என்றில்லை, தலை, முழங்கை, பாதம், எது லேசாக வருகிறதோ அது. பொம்மையை நேர் எதிரே, கண் மட்டத்தில் வையுங்கள். சில குழந்தைகளுக்கு முகம் ஒரு பக்கம் திரும்பினால் அந்தப் பக்கக் கை தானாக நீண்டு, மறு கை மடங்கும். பொம்மை ஓரத்தில் இருந்தால் பார்க்கத் திரும்பும்போதே கை பட்டனை விட்டு விலகிவிடும். குழந்தைக்கு விருப்பமில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

பட்டனுக்கு அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பு. பிறகு பேசாமல் 15 விநாடி காத்திருங்கள். “அமுக்கு, அமுக்கு” என்றால் தசை இன்னும் இறுகும். கையைப் பிடித்துத் தட்ட வைக்காதீர்கள். நம் கையை அதன் கைக்கு அடியில் வைத்துத் தாங்கலாம். எத்தனை தட்டு என்று எண்ணுவதும் வேண்டாம், விளையாட்டு உடற்பயிற்சியாகிவிடும். எந்தப் பொம்மை என்பதைக் குழந்தையே தேர்ந்தெடுக்கட்டும். முகம் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு முடிந்தது.

பின்சேர்க்கை: பொம்மை ஓடிக்கொண்டே இருக்கிறது, தகடோ சரி என்பவர்கள் சாக்கெட்டைப் பாருங்கள். ஸ்டீரியோ சாக்கெட்டின் நடு வளையக் காலிலும் அடிக் காலிலும் ஒயர் வைத்திருப்பீர்கள். மோனோ பிளக் நுழைந்ததும் இரண்டும் இணைந்துவிடும். நுனிக் காலுக்கும் அடிக் காலுக்கும் மாற்றுங்கள். சத்தத்தில் குழந்தை துள்ளி விழுகிறது என்றால் ஸ்பீக்கர் ஓட்டைகள் மேல் இரண்டு அடுக்கு டேப். வலிப்பு உள்ள குழந்தைக்குப் பளிச் பளிச்சென்று மின்னும் பொம்மை கூடாது. வெளிச்சத்தில் வலிப்பு தூண்டப்படுமா என்பதை மருத்துவரிடம் கேளுங்கள். தட்டிய கையை அழுத்திப் பிடிக்க முடியாத குழந்தைக்கு, பட்டனுக்கும் பொம்மைக்கும் இடையே ஒரு டைமர் பெட்டி (ஒரு தட்டுக்குக் குறித்த நேரம் வரை பொம்மையை ஓட விடுவது) வேண்டும். முதலில் 5 விநாடிக்கு வையுங்கள்.