நாய்க்கு உலர் உணவு: வேளைக்கு ஒரு பை

மும்பையிலிருந்து நாயுடன் ஊருக்குக் கிளம்பும்போது உலர் உணவை மூட்டையோடு தூக்காதீர்கள். ஒரு வேளைக்கு ஒரு ஜிப் பை என்று அளந்து போட்டு, எல்லாவற்றையும் இறுக மூடும் எவர்சில்வர் தூக்கில் அடுக்குங்கள். பெரிய பையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் மழைக்கால ஈரக்காற்று உள்ளே புகுகிறது. உருண்டைகள் நமுத்துப்போகின்றன, அவற்றின் மேல் பூசிய கொழுப்பில் சிக்கு வாடை ஏறுகிறது. அந்த வாடை வந்ததை நாய்க்கு வைக்கவே வைக்காதீர்கள். காலாவதி தேதி உள்ள பகுதியைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். வயிறு கெட்டால் மருத்துவரிடம் காட்டலாம்.

ஒரு வாரத்துக்கு மேல் தங்குவதென்றால் இந்த ஜிப் பை முறை சரிவராது. அசல் பையின் உள்பூச்சு காற்றைத் தடுக்கும். அதையே வாய் மடித்துக் கிளிப் போட்டு எடுத்துச் செல்லுங்கள். ஊறவைத்த உணவுக்கும் ஜிப் பை முறை கூடாது.