எஸ்கேப் ரூம்: பூட்டைத் திறப்பதில் தொடங்கி விமர்சனம் எழுதுவது வரை

எஸ்கேப் ரூம் என்றால், ஓர் அறைக்குள் புதிர்களைத் தீர்த்து, குறித்த நேரத்துக்குள் வெளியே வரும் ஆட்டம். அதற்கு மேல் இங்கே விளக்கப் போவதில்லை. ஒன்றிரண்டு முறை போய் வந்து, "சூப்பரா இருந்துச்சு" என்பதற்கு மேல் நாலு வரி எழுத வராதவர்களுக்கான செய்முறை இது. ஒழுங்காக விளையாடாமல் ஒழுங்கான விமர்சனம் எழுத முடியாது. அதனால் இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

படி 1: முன்பதிவு

3 அல்லது 4 பேர் போங்கள். "2 முதல் 8 பேர் வரை" என்று போட்டிருப்பார்கள், நம்ப வேண்டாம். ஒரு புதிர் முடிந்தால்தான் அடுத்தது திறக்கும் அறைகளில் 8 பேர் போனால் 2 பேர் தீர்ப்பார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். நம் குழு மட்டும்தானா, முன்பின் தெரியாதவர்களையும் சேர்த்து அனுப்புவார்களா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள். மூட்டு வலி உள்ளவர்கள் வந்தால், தவழ்ந்து போக வேண்டிய இடம் உண்டா என்றும் கேளுங்கள்.

எந்த வகை ஆட்டம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். 2007-இல் ஜப்பானின் கியோட்டோவில் தக்காவோ கட்டோவின் ஸ்க்ராப் நிறுவனம் தொடங்கிய ஆட்டங்கள் பிற்பாடு பெரிய அரங்குகள் வரை போயின. அங்கே பல குழுக்கள் ஒரே நேரத்தில் தாளும் பேனாவுமாக உட்கார்ந்து தீர்ப்பார்கள். 2011-இல் ஹங்கேரியின் புடாபெஸ்ட்டில் வந்த பாராபார்க், சின்னக் குழுவை அறைக்குள் விட்டு, கையால் தொட்டுத் திருப்பித் தீர்க்க வைக்கும் வகை. நம் ஊர்ப் பக்கம் "எஸ்கேப் ரூம்" என்றால் பெரும்பாலும் இரண்டாவதுதான். ஒன்றின் அளவுகோலால் மற்றதை அளந்து மதிப்பெண் போட்டால் அது அநியாயம்.

வாசிக்கும் கண்ணாடி போடுபவர்கள் அதை மறக்காதீர்கள். அறைக்குள் வெளிச்சம் குறைவு, எழுத்து பொடி.

படி 2: உள்ளே போகும் முன் ஒரு கேள்வி

"கரண்ட் போனா கதவு எப்படித் திறக்கும்?" இதைக் கேம் மாஸ்டரிடம், அதாவது ஆட்டத்தை நடத்துபவரிடம், கேட்காமல் உள்ளே போகாதீர்கள். காந்தப் பூட்டாக இருந்தால் மின்சாரம் ஓடும் வரைதான் பிடித்திருக்கும், போனதும் விட்டுவிடும். சாதாரணத் தாழ்ப்பாள் என்றால் யாராவது வந்து திறக்க வேண்டும். அவசரப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள், அது வேலை செய்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2019 ஜனவரி 4 அன்று போலந்தின் கோஷலின் நகரில் ஓர் எஸ்கேப் ரூமில் தீப்பிடித்து, 15 வயதுச் சிறுமிகள் 5 பேர் வெளியே வர முடியாமல் இறந்தார்கள். பதில் மழுப்பலாக வந்தால் பணம் போனாலும் பரவாயில்லை, திரும்பிவிடுங்கள். விமர்சனத்தின் முதல் வரியிலும் அதை எழுதுங்கள்.

படி 3: தேடுதல்

முதல் 5 நிமிடம் யாரும் புதிரைத் தொட வேண்டாம். எல்லோரும் தேடுங்கள், கிடைத்ததை வாய்விட்டுச் சொல்லுங்கள், ஒரே மேசையில் வையுங்கள். பிறகு இடம் மாறித் தேடுங்கள். ஒருவர் கண்ணுக்குத் தப்பியது அடுத்தவர் கண்ணில் படும். மேசைக்கு அடிப்புறம், கோட்டுப் பை, புத்தகத்தின் உள்பக்கம் எல்லாவற்றையும் கையால் தடவிப் பாருங்கள். வேலை முடிந்த சாவியை அது திறந்த பூட்டிலேயே விட்டுவிடுங்கள். தீர்ந்த பொருள்களுக்குத் தனி மூலை. இதைச் செய்யாத குழு, முடிந்துபோன சீட்டையே திரும்பத் திரும்ப ஆராய்ந்து 10 நிமிடத்தைத் தொலைக்கும்.

கண்ணுக்குத் தெரியாத எழுத்தைக் காட்டும் புற ஊதா டார்ச் நடுவில் கிடைத்தால், ஏற்கெனவே தேடி முடித்த சுவர்களுக்கும் திரும்பப் போக வேண்டும்.

படி 4: பூட்டுகள்

புதியவர்கள் அதிகம் சிக்குவது இங்கேதான். விடை சரி, பூட்டு திறக்காது. உடனே விடை தப்பு என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள்.

திசைப் பூட்டைப் பாருங்கள். எண் இருக்காது, நடுவில் ஒரு குமிழ் மட்டும். அதை மேல், கீழ், இடம், வலம் எனத் தள்ள வேண்டும். முன்பு தள்ளியதெல்லாம் உள்ளே பதிவாகியே இருக்கும் என்பதுதான் சிக்கல். தொடங்கும் முன் வளைவுக் கம்பியைப் பூட்டுக்குள் 2 முறை இறுக்கி அமுக்கினால்தான் பழையது அழியும். அதன் பிறகு ஒவ்வொரு திசைக்கும் குமிழை முட்டும் வரை தள்ளி, அது தானாக நடுவுக்கு வந்ததும் அடுத்ததற்குப் போங்கள். நடுவில் ஒன்று பிசகினால் மறுபடி 2 முறை அமுக்கி முதலிலிருந்து.

எண் பூட்டில் எண்களைப் பூட்டின் மேல் உள்ள கோட்டுக்கு நேராக வைக்க வேண்டும். சில பூட்டுகளில் அந்தக் கோடு முன்பக்கம் இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும். எங்கள் குழுவின் கட்டாய விதி: விடை சரி என்று தோன்றினால் இன்னொருவரும் ஒரு முறை போட்டுப் பார்க்க வேண்டும்.

குருட்டுத்தனமாகச் சுழற்றலாமா? 4 எண்ணில் 3 அதனதன் இடத்தோடு தெரிந்தால் மீதி 10 முயற்சிதான், தாராளமாகச் சுழற்றுங்கள். 4 எண்ணும் வெவ்வேறாகத் தெரிந்து வரிசை மட்டும் தெரியாவிட்டால் 24 வழி, அதுவும் முடியும். ஒன்றுமே தெரியாமல் 10,000 வழியில் இறங்காதீர்கள். அப்படித் திறந்த புதிரைப் பற்றி விமர்சனத்தில் கருத்துச் சொல்லவும் உங்களுக்கு உரிமை இல்லை.

மின்னணுப் புதிர்களில் பொருளை அதற்கான இடத்தில் படுக்கையாக வைத்து, இரண்டு மூன்று வினாடி கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். காந்தப் பூட்டு விடும் சத்தம் பின்னணி இசையில் கேட்காமல் போகும். அதனால் ஒவ்வொரு முறையும் எல்லா அலமாரிக் கதவுகளையும் இழுத்துப் பாருங்கள்.

படி 5: ஹின்ட்

5 நிமிடம் ஒன்றும் நகராவிட்டால் கேம் மாஸ்டரிடம் ஹின்ட், அதாவது உதவிக் குறிப்பு, கேளுங்கள். கௌரவம் பார்த்து 20 நிமிடம் நிற்பவர்கள், 60 நிமிட ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை இழக்கிறார்கள். "ஹின்ட் குடுங்க" என்று மொட்டையாகக் கேட்காமல், "நாலு படம் இருக்கு, எண் பூட்டு ஒண்ணு இருக்கு, படத்துல இருக்கறத எண்ணிப் பாத்தாச்சு, திறக்கல" என்று சொல்லுங்கள். கேம் மாஸ்டருக்கு எங்கே எடுத்துக்கொடுக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரியும்.

படி 6: குறிப்பு

வெளியே வந்ததும் கேம் மாஸ்டரிடம் ஒன்று கேளுங்கள்: "எல்லாரும் எந்த இடத்துல ஹின்ட் கேப்பாங்க?" பதில் உங்கள் சிக்கலோடு ஒத்துப்போனால் புதிரில் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். பிறகு அரை மணி நேரத்துக்குள் குறித்துக்கொள்ளுங்கள்: எத்தனை பேர், எத்தனை ஹின்ட், மீதி நேரம், சிக்கிய இடங்கள். இதற்குச் செயலியைவிடச் சின்ன நோட்டுதான் நல்லது. செயலியில் நட்சத்திரம் போடத்தான் கை போகும்.

சிக்கிய ஒவ்வொரு இடத்துக்கும் காரணம் எழுதுங்கள். நாம் கவனிக்கவில்லையா, துப்பே போதவில்லையா, கருவி வேலை செய்யவில்லையா? பின்னிரண்டு மட்டுமே அறையின் குறை. முந்தைய குழு கிறுக்கிய சீட்டு உள்ளே கிடந்தது, விசைப் பலகையில் நாலு பொத்தான் மட்டும் தேய்ந்து விடையைக் காட்டிக்கொடுத்தது போன்றவை பராமரிப்புக் குறைகள். இவற்றைத் தனியாக எழுதுங்கள். வெளியே வந்தோமா இல்லையா என்பது அறையின் தரத்தைச் சொல்லாது.

படி 7: விமர்சனம்

ஒவ்வொரு வரியையும் இப்படிச் சோதியுங்கள்: இதைப் படித்தவர் அறைக்குள் வேறு மாதிரி நடந்துகொள்வாரா? ஆம் என்றால் அது ஸ்பாய்லர், அதாவது ரகசியத்தை முன்கூட்டியே உடைப்பது. வெட்டுங்கள்.

"பியானோவில் கறுப்புக் கட்டையை மட்டும் எண்ணணும்" என்பது வெளிப்படையான ஸ்பாய்லர். "இசை தெரியாதவர்களாலும் இசைப் புதிரைத் தீர்க்க முடியும்" என்பது பயனுள்ள தகவல். தெரியாமல் நுழைந்துவிடுபவையும் உண்டு. "இரண்டாவது அறையின் செட் அருமை" என்று எழுதினால், ரகசியக் கதவு ஒன்று இருப்பதைச் சொல்லிவிட்டீர்கள். அந்தக் கதவு திறக்கும் நொடிக்காகத்தான் பலர் காசு கொடுக்கிறார்கள். அதை அவர்களுக்கு விட்டுவையுங்கள். "செட் கடைசி வரை தளரவில்லை" என்றாலே போதும்.

நட்சத்திரம் வேண்டாம். யாருக்கு ஏற்றது, எத்தனை பேர் போகலாம், எது சரியில்லை என்று எழுதுங்கள். சிறந்த எஸ்கேப் ரூம்களுக்காக உலக அளவில் 2018 முதல் நடக்கும் டெர்பெகா விருதுகளிலும் அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் தாங்கள் விளையாடிய அறைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிறார்கள். அந்த முறைதான் நியாயமானது.

பிற்சேர்க்கை: வாசகர்கள் கேட்டதால் இரண்டு விஷயம். ஒன்று, ஆங்கிலம். எழுத்தை மாற்றிப் போடும் புதிர், ஒரே ஒலியுள்ள சொற்களை வைத்த புதிர் எல்லாம் தமிழில் படித்த பிள்ளைகளையும் தாத்தா பாட்டிகளையும் வெளியே நிறுத்திவிடும். எவ்வளவு ஆங்கிலம் வேண்டும் என்பதை விமர்சனத்தில் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டு, தேதி. அமெரிக்க வடிவமைப்பைப் பார்த்துச் செய்த அறைகளில் மாதம் முதலில் வரும். கிறிஸ்துமஸ் என்று துப்பு கிடைத்து 2512 திறக்காவிட்டால், விடையைத் தூக்கிப் போடும் முன் 1225 போட்டுப் பாருங்கள்.