தலையாட்டிவிட்டுப் போகிறவர்களைப் பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வரவைப்பது எப்படி

டாக்டர், நர்ஸ், வரவேற்பில் உட்காருகிறவர் என்று கிளினிக்கில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை என்றாலே, விழிப்புணர்வு இல்லாததால்தான் ஆட்கள் வருவதில்லை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். நான் பார்த்த வரை, முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்பவர்கள் குறைவு. நிறையப் பேர் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் போகிறார்கள், அப்புறம் வருவதில்லை. அந்தத் தலையாட்டலுக்கும் பரிசோதனைக்கும் நடுவில் எங்கே நின்றுபோகிறார்கள் என்று கண்டுபிடித்துச் சரிசெய்ய வேண்டியது நாம்தான்.

பேச்சிலிருந்து தொடங்குவோம். "எனக்கு ஒண்ணும் இல்லையேம்மா, நல்லாத்தானே போகுது" என்பார் பெரியவர். "ஒண்ணும் இல்லாதப்பவே பார்க்கிற டெஸ்ட்தான் ஐயா இது" என்று சொல்லுங்கள். குடலின் உள்சுவரில் பாலிப் என்ற சின்னச் சதை வளரும், அது புற்றுநோயாக மாறப் பெரும்பாலும் 10 வருடமாவது ஆகும், அதுவரை வலியோ தொந்தரவோ தெரியாது, அதற்குள் பார்த்து எடுத்துவிட்டால் நோயே வராமல் தடுக்கலாம். இவ்வளவு போதும். பயமுறுத்தினால் ஆள் அடுத்த முறை நம் பக்கமே வரமாட்டார். ஆனால் ஒன்று: மலத்தில் ரத்தம் போகிறது, காரணமில்லாமல் எடை குறைகிறது என்று சொல்பவருக்கு, வீட்டிலேயே மல மாதிரி எடுக்கிற கிட்டைக் கொடுத்து அனுப்பக் கூடாது. மூலநோயாகத்தான் இருக்கும் என்று அவரே சொன்னாலும் நேராக டாக்டரிடம் அனுப்புங்கள்.

அடுத்தது, கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது) ஒன்றை மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். 2012ல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வில், கொலோனோஸ்கோபியை மட்டும் பரிந்துரைத்தபோது 38 சதவீதம் பேர்தான் செய்துகொண்டார்கள். கொலோனோஸ்கோபி அல்லது மலப் பரிசோதனை, எது விருப்பமோ அதைச் செய்யலாம் என்றபோது 69 சதவீதம் பேர் ஏதாவது ஒன்றைச் செய்து முடித்தார்கள். குழாய் விடுவது என்றாலே கூசிப்போகிறவர்கள், மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கிறதா என்று பார்க்க வீட்டிலேயே மாதிரி எடுக்கிற ஃபிட் மலப் பரிசோதனைக்குச் சம்மதிப்பார்கள். ஒரு வித்தியாசம், கொலோனோஸ்கோபி நன்றாக வந்தால் அடுத்தது 10 வருடம் கழித்துத்தான், ஃபிட் என்றால் திட்டத்தைப் பொறுத்து வருடாவருடம் அல்லது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டும். இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

கிட்டைக் கொடுக்கும்போது பையில் போட்டு நீட்டாதீர்கள், அவர் முன்னாலேயே பிரித்துக் காட்டுங்கள். மூடியைத் திருகினால் அதோடு ஒரு குச்சி வரும், நுனியில் வரிவரியாகப் பள்ளம் இருக்கும். டாய்லெட்டில் தண்ணீர் படாதபடி காகிதம் விரித்து, அதில் விழுந்த மலத்தின் மேல் நாலைந்து இடத்தில் குச்சியால் கீற வேண்டும், பள்ளம் நிரம்பினால் போதும், அள்ளி எடுக்க வேண்டியதில்லை. திரும்பக் குப்பியில் செருகி மூடினால் முடிந்தது. பலர் மனதில் ஒரு கிண்ணம் நிறைய எடுத்து வரச் சொல்கிறார்கள் என்ற நினைப்புதான் இருக்கும், குச்சியைப் பார்த்ததும் "இவ்வளவுதானா" என்பார்கள். சாப்பாட்டில் எதையும் ஒதுக்க வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்புறம் தேதி. மாதிரி எடுத்த தேதியை எழுதாததால் மட்டுமே வீணாய்ப் போன கிட்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அத்தனை கூச்சத்தையும் தாண்டிச் செய்த மனிதரிடம் மறுபடி செய்யுங்கள் என்று சொல்ல எனக்கு மனசே வராது. தேதி எழுதும் இடத்தைப் பேனாவால் வட்டமிட்டே கொடுங்கள். வெயிலில் வைக்காமல் சீக்கிரம் திருப்பித் தரச் சொல்லுங்கள், சூட்டில் ரத்தத்தின் தடயம் சிதைந்துவிடும்.

கிளினிக்குக்கே வராதவர்களுக்குத் தபாலில் அனுப்பலாம். 2013ல் வந்த இன்னொரு ஆய்வில், வழக்கம்போல் விட்டபோது 12 சதவீதமாக இருந்த பங்கேற்பு, கிட்டை வீட்டுக்கே அனுப்பி நினைவூட்டியபோது 41 சதவீதத்தை நெருங்கியது. கிட் வரப்போகிறது என்று முன்கூட்டியே ஒரு கடிதம், பிறகு கிட், இரண்டு மூன்று வாரத்தில் ஒரு போன். ஃப்ளூ தடுப்பூசிக்கு வருகிறவர்களிடம் அன்றைக்கே கிட்டைக் கொடுப்பதும் நல்ல வழி. ஒவ்வொரு கிட்டுக்கும் டாக்டர் கையெழுத்துக்குக் காத்திருக்காமல் நர்ஸே கொடுக்கலாம் என்று டாக்டரிடம் ஒருமுறை எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் வேலை ஓடும்.

யாருக்கு எந்த வயதில் என்பது அந்தந்த நாட்டு விதி. அமெரிக்காவில் 2021ல் 50லிருந்து 45 ஆகக் குறைத்தார்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ இந்த நோய் வந்திருந்தால் இன்னும் முன்பே தொடங்க வேண்டும், ஆகவே குடும்பத்தைப் பற்றி எல்லோரிடமும் கேளுங்கள்.

இனி, பலரும் கோட்டை விடுகிற இடம். ஃபிட்டில் ரத்தம் இருப்பதாக வந்தால் கொலோனோஸ்கோபி செய்தே ஆக வேண்டும். இன்னொரு ஃபிட் எடுத்துப் பார்ப்போம் என்று கேட்பார்கள், தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள், இரண்டாவதில் ரத்தம் தெரியாவிட்டாலும் முதலில் தெரிந்தது பொய்யாகிவிடாது. கொலோனோஸ்கோபியை 10 மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டவர்களிடம் புற்றுநோய் அதிகமாகவும் முற்றிய நிலையிலும் காணப்பட்டிருக்கிறது. முடிவைச் சொல்லும் அந்த போனிலேயே தேதியையும் குறித்துவிடுங்கள். கூட யார் வருவார், வீட்டுக்கு யார் கூட்டிப்போவார், லீவு கிடைக்குமா என்று கேளுங்கள். பலர் தட்டிக்கழிப்பது இதனால்தான், பயத்தால் அல்ல. கொலோனோஸ்கோபிக்காகக் குடிக்கிற பேதி மருந்தை முந்தின நாள் பாதி, அன்று காலை பாதி என்று பிரித்துக் குடித்தால் உடம்பும் தாங்கும், குடலும் நன்றாகச் சுத்தமாகும். இரண்டு நாள் முன்பு ஒரு போன் போட்டு அதை அவர் வாயாலேயே சொல்ல வைத்துக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகம் போதும்: கொடுத்த தேதி, திரும்பி வந்த தேதி, முடிவு, முடிவைச் சொன்ன தேதி, கொலோனோஸ்கோபி நடந்த தேதி. வாரம் ஒருமுறை திறந்து, காலியாக இருக்கிற கட்டத்தைப் பார்த்து அந்த ஆளுக்கு போன் போடுங்கள்.