பழைய முகப்பை வைத்துக்கொண்டு பின்னால் கோபுரம் எழுப்புகிறவர்கள் செய்யும் தவறுகள்

ரொறன்ரோவில் யங் வீதி வழியாக நடந்தால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வரும்: கீழே மூன்று நாலு மாடி உயரத்துக்கு நூறு வருசம் தாண்டிய செங்கல் முகப்பு, அதன் தலைக்கு மேலே ஐம்பது மாடிக் கண்ணாடிக் கொண்டோ, அதாவது வீடு வீடாக விற்கும் அடுக்குமாடி. சிலது நன்றாக வந்திருக்கிறது. பலது நாடக மேடையில் முட்டுக்கொடுத்து நிறுத்திய தட்டி மாதிரி நிற்கிறது. கட்டட வேலைக்குப் பக்கத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், கெட்டுப்போனவற்றில் பெரும்பகுதி வரைபடம் போடும்போதே, ஏன், காணி வாங்கும்போதே கெட்டுப்போனது. எல்லோரும் சுவரைப் பார்க்கிறார்கள், அந்தச் சுவரை இவ்வளவு காலம் நிமிர்த்தி வைத்திருந்தது எது என்று பார்ப்பவர்கள் குறைவு.

முதல் தவறு, கோபுரத்தின் வரைபடம் முழுக்க முடிந்த பிறகு பாரம்பரியக் கட்டடங்களில் அனுபவமுள்ள ஆட்களைக் கூப்பிடுவது. ஒன்ராறியோவில் பாரம்பரியச் சட்டம் 1975இலேயே வந்துவிட்டது, ஆனால் 2005 வரைக்கும் மாநகரசபையால் இடிப்பைத் தாமதப்படுத்த முடிந்ததே தவிர மறுக்க முடியவில்லை. அந்தக் காலத்துப் பழக்கம் இன்னும் போகவில்லை. முகப்பை விட்டுவைக்கிறோம், மிச்சத்தை எடுத்துவிடுகிறோம் என்று பேரம் பேசினால் சரி என்ற நினைப்பு. ரொறன்ரோவின் உத்தியோகபூர்வத் திட்டமோ கட்டடத்தை முழுதாகவோ கணிசமான பகுதியாகவோ காப்பாற்றச் சொல்கிறது, முகப்பை மட்டும் வைத்துக்கொள்வதை விரும்பவில்லை என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது.

ஆகவே எவ்வளவு ஆழத்துக்கு வைத்துக்கொள்ளப் போகிறோம் என்பதை ஆரம்பத்திலேயே பேச வேண்டும். யங் வீதி 197ஆம் இலக்கத்தில் 1905இல் டார்லிங் அன்ட் பியர்சன் கட்டிய வங்கி பல வருசம் பூட்டிக் கிடந்தது. அதற்குப் பின்னால் 60 மாடி மாசி டவர் எழும்பியபோது வங்கியின் பெரிய மண்டபம் உள்ளே நுழையும் கூடமாக மாறியது, அதனால் வாசலைத் தாண்டிய பிறகும் பழைய கட்டடத்துக்குள் இருக்கிற உணர்வு போவதில்லை. ஷேர்போர்ன் வீதியில் ஜேம்ஸ் கூப்பர் மாளிகையை 2008இல் முழு வீடாகவே நகர்த்தி வைத்துவிட்டுத்தான் கொண்டோவைக் கட்டினார்கள். இப்படிப்பட்ட வழிகள் எல்லாம் தூண்கள் எங்கே, லிப்ட் எங்கே, வாகனத் தரிப்பிடத்தின் சரிவு எங்கே என்று கோடு போடுவதற்கு முன்னால்தான் திறந்திருக்கும்.

அப்புறம் அனுமதிக்காகக் காத்திருக்கும் வருசங்கள். கூரை ஒழுகும், குளிருக்கு ஹீற்றிங் நிறுத்தியிருப்பார்கள், யன்னலுக்குப் பலகை அடித்துவிட்டுப் போய்விடுவார்கள். யங் வீதியும் கூல்ட் வீதியும் சந்திக்கும் இடத்தில் 1888இல் கட்டிய எம்பிரஸ் ஹோட்டல் கட்டடம் இருந்தது. 2010இல் அதன் சுவரில் ஒரு பகுதி இடிந்து விழுந்தது, 2011 ஜனவரியில் தீப்பிடித்து மிச்சமும் போனது. வெறுமையாகக் கிடக்கும் பழைய கட்டடத்துக்குக் காவலும், தீ எச்சரிக்கைக் கருவியும், ஒழுகாத கூரையும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

இனி மிகவும் ஆபத்தான இடம். பழைய செங்கல் சுவர் தடிப்பாக இருக்கிறது, அதனால் தனியாக நிற்கும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு மாடியிலும் தளத்தைத் தாங்கும் மர வளைகளின் நுனி சுவருக்குள் செருகியிருக்கும், பக்கச் சுவர்கள் இரண்டும் மூலையில் பிடித்திருக்கும். இந்தப் பிடிகளை எடுத்துவிட்டால், நாலு மாடி உயரத்துக்கு, முன்னுக்கும் பின்னுக்கும் காற்று அடிக்கக்கூடிய ஒற்றைத் தகடுதான் மிஞ்சும். மெல்பேர்ணின் கார்ள்ற்றன் பகுதியில் 2013 மார்ச் 28ஆம் திகதி, கட்டட வேலைத்தளம் ஒன்றின் ஓரத்தில் தனியாக நின்ற செங்கல் சுவர் பலத்த காற்றில் நடைபாதைப் பக்கமாக விழுந்து மூன்று பேர் இறந்துபோனார்கள். அந்தச் சுவரோடு சேர்த்து, அதைவிட உயரமாக, பலகைத் தட்டியும் அடித்திருந்தார்கள், காற்று பிடிக்கும் பரப்பு அதனால் கூடிவிட்டது. அது பாரம்பரிய முகப்பு இல்லை, சாதாரண மதில்தான். ஆனாலும் முகப்பைத் தனியாக நிறுத்துகிற ஒவ்வொருவரும் அந்தச் சம்பவத்தைப் படித்திருக்க வேண்டும் என்பேன். போனவர்கள் தெருவில் நடந்து வந்த சனங்கள்.

ஆகவே ஒழுங்கு இதுதான்: முதலில் உருக்குச் சட்டகம், பிறகுதான் தளங்களை எடுப்பது. சட்டகத்தைத் தெருப்பக்கம் வைத்தால் நடைபாதையையும் ஒரு வழித்தடத்தையும் மாதக்கணக்கில் மூட மாநகரசபை அனுமதி தர வேண்டும், உட்பக்கம் வைத்தால் தோண்டுகிறவனுக்கும் கிறேனுக்கும் அது குறுக்கே நிற்கும். இரண்டிலும் தலையிடி உண்டு, அதனால்தான் இந்த முடிவைத் தள்ளிப்போடுவார்கள், தள்ளிப்போட்டால் வேலை தொடங்கிய பிறகு அவசரத்தில் எடுப்பார்கள். நல்ல தளத்தில் கிட்டப் போய்ப் பார்த்தால், யன்னல் துவாரங்களுக்குள்ளால் உருக்கு உத்தரங்கள் நுழைந்து, சுவரின் இரு பக்கமும் மரக்கட்டை வைத்து இடுக்கிப் பிடித்திருப்பது தெரியும். கல்லிலோ செதுக்கு வேலையிலோ ஒரு துளைகூட இருக்காது. அடியில் கொங்கிறீற் கட்டிகளைப் பாரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். சென் ஜோசப் வீதியில் பழைய ரோலின்சன் சரக்குக் களஞ்சியத்தின் முகப்பும் அப்படி உருக்குப் பிடியில் நின்ற பிறகுதான் பின்னால் 48 மாடிக் கொண்டோ எழும்பியது. புதிய தளங்கள் ஒவ்வொன்றாக வந்து சுவரைப் பிடித்துக்கொள்ளும் வரைக்கும் சட்டகத்தில் கைவைக்கக் கூடாது, கால அட்டவணை எவ்வளவு நெருக்கினாலும்.

அத்திவாரத்திலும் இதே கதை. அந்தக் காலத்து அத்திவாரம் பல இடங்களில் வெறும் கற்குவியல், ஆழமும் அதிகம் இராது. அதற்கு அருகிலேயே நாலைந்து தளத்துக்கு வாகனத் தரிப்பிடம் தோண்டப் போகிறார்கள். தோண்டும் குழியின் மதில் சில மில்லிமீற்றர் உள்ளே சாய்ந்தாலே மேலே செங்கல்லில் வெடிப்பு தெரியும். நிலத்தடி நீரை இறைத்தால் மண் இறங்கும், அதோடு சுவரும் இறங்கும். பழைய அத்திவாரத்துக்குக் கீழே துண்டு துண்டாகத் தோண்டிக் கொங்கிறீற் நிரப்புவதோ, சுவரின் பாரத்தைப் புதிய தூண்களுக்கு மாற்றுவதோ, எது செய்தாலும் தோண்டுவதற்கு முன்னாலேயே சுவரில் அளவுக் குறிகளை ஒட்டி முதல் வாசிப்பை எடுத்துவிட வேண்டும். பல இடங்களில் இதை ஒட்டுகிறார்கள், அளக்கிறார்கள், ஆனால் எத்தனை மில்லிமீற்றர் அசைந்தால் வேலையை நிறுத்துவது, நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று எழுதி வைப்பதில்லை. அது இல்லாத அளவீடு வெறும் கோப்புத்தான்.

அடுத்தது எனக்கு மனசு பொறுக்காத விசயம், சாந்து. பழைய செங்கல் மென்மையானது, அதை வைத்துக் கட்டியது சுண்ணாம்புச் சாந்து. சாவியால் சுரண்டினால் மணலாக உதிரும். உதிர்கிறதே என்று அதைத் தோண்டி எடுத்துவிட்டு இடைவெளிகளில் கடினமான சீமெந்துச் சாந்தை அடைப்பார்கள், வேலை முடிந்த அன்று பார்க்கச் சுத்தமாக நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பழைய சுவரில் ஈரம் வெளியேறும் பாதை அந்தச் சுண்ணாம்பு. சீமெந்து அதை அடைத்துவிட்டால் ஈரம் செங்கல்லுக்குள்ளேயே நிற்கும். ரொறன்ரோவின் குளிர்காலத்தில் உறைவதும் உருகுவதுமாக அது திரும்பத் திரும்ப நடக்கும், உறையும் நீர் விரியும், கொஞ்ச வருசத்தில் செங்கல்லின் முகம் தகடு தகடாகக் கழன்று விழும். சாந்து மட்டும் அப்படியே நீட்டிக்கொண்டு நிற்கும். யங் வீதியிலேயே இப்படிப்பட்ட சுவர்களைக் காட்டலாம். பழைய சாந்தை ஆய்வுகூடத்துக்கு அனுப்பி, அதன் கலவையைத் தெரிந்துகொண்டு, செங்கல்லைவிட மென்மையாக ஒன்றைக் கலப்பது பெரிய செலவே இல்லை. மணலை வீசியடித்துச் சுத்தம் செய்வதும் இதே மாதிரித்தான். சூளையில் வெந்த மேல்தோல் போய்விடும், அதற்குப் பிறகு செங்கல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

இதோடு சேர்ந்து வருவது வெப்பக் காப்பு. பழைய கட்டடத்தில் உள்ளே எரிந்த சூடு சுவருக்குள்ளால் கசிந்து போய்க்கொண்டிருந்தது, அந்தக் கசிவுதான் செங்கல்லைக் காய வைத்தது. இன்று சக்திச் சிக்கன விதிகளுக்காக உட்பக்கத்தில் தடிப்பாக நுரைக் காப்பு அடித்தால் சுவர் முழுக்கக் குளிரில் தனியாக நிற்கும், காயாது. எவ்வளவு காப்பு தாங்கும் என்பதை அந்தச் செங்கல்லின் மாதிரியை எடுத்துச் சோதித்து, ஈரமும் வெப்பமும் எப்படி நகரும் என்று கணக்கிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். வழமையான கொண்டோச் சுவரின் விபரப்படத்தை அப்படியே ஒட்டுவது வேலைக்கு ஆகாது.

பழையதையும் புதியதையும் இறுக்கி ஒன்றாகப் பூட்டுவதும் ஒரு தவறு. முகப்பு நூறு வருசத்துக்கு முன்பே இறங்க வேண்டியதெல்லாம் இறங்கி முடித்துவிட்டது. புதிய கோபுரம் இனிமேல்தான் இறங்கும், அதன் கொங்கிறீற் வருசக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். இணைக்கும் பிடிகள் சுவரை வெளியே சாயவிடாமல் பிடிக்க வேண்டும், மேலும் கீழும் நழுவ விட வேண்டும். துருப்பிடிக்காத உருக்கில் செய்ய வேண்டும், ஏனென்றால் சாதாரண இரும்பு சுவருக்குள் துருப்பிடித்து ஊதினால் கல்லையே பிளந்துவிடும்.

யன்னல்களுக்கு வருவோம். பழைய களஞ்சியங்களிலும் கடைகளிலும் ஒரு மாடி நாலு மீற்றருக்கு மேல்கூட இருக்கும், கொண்டோவில் சுமார் மூன்று மீற்றர். உயரம் ஒத்துவராதபோது பழைய யன்னலுக்குக் குறுக்கே புதிய தளம் ஓடும். லண்டனில் 465 கலிடோனியன் வீதியில் யூனிவர்சிற்றி கொலிஜ் லண்டனுக்காகக் கட்டிய மாணவர் விடுதியைப் பாருங்கள். பழைய செங்கல் முகப்பு முன்னால், புதிய கட்டடம் பின்னால், முகப்பின் துவாரங்களுக்கும் அறை யன்னல்களுக்கும் சம்பந்தமே இல்லை. பல பிள்ளைகளுக்கு யன்னலைத் திறந்தால் எதிரே பழைய சுவரின் முதுகு. இஸ்லிங்ரன் மாநகரசபை அதை மறுத்தும் மேன்முறையீட்டில் அனுமதி கிடைத்தது, 2013இல் பிரித்தானியாவின் மிக மோசமான புதிய கட்டடத்துக்கான கார்பங்கிள் கப் பட்டத்தையும் வாங்கியது. முகப்புக்குப் பின்னால் உள்ள தளங்களைக் கடைகளுக்கும், வரவேற்புக் கூடத்துக்கும், நூலகம், உடற்பயிற்சி அறை போன்றவற்றுக்கும் ஒதுக்கி, பழைய மாடி உயரத்தையே அங்கே வைத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் வராது. வீடுகள் அதற்கு மேலிருந்து தொடங்கட்டும். கோபுரத்தையும் முகப்பிலிருந்து நன்றாகப் பின்னே தள்ளுங்கள், தெருவில் நிற்பவரின் கண்ணுக்குப் பழைய கட்டடத்தின் கூரை விளிம்பு ஆகாயத்தோடு தெரிய வேண்டும்.

கழற்றி வைத்துவிட்டுத் திருப்பிக் கட்டலாம் என்பவர்களுக்கு ஒன்று. சில இடங்களில் அதுதான் ஒரே வழி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சீமெந்தால் முன்பே திருத்திய சுவரில் செங்கல்லைப் பிரித்தால் பாதி உடையும். லேசர் கருவியால் முழு அளவும் எடுத்து, ஒவ்வொரு கல்லுக்கும் இலக்கம் போட்டு, மழை படாத இடத்தில் வைக்காமல் இறங்கினால், திரும்பி வருவது புதிய செங்கல்லில் செய்த நகல்தான்.

கடைசியாக, இந்த மாதிரிக் கட்டடத்தில் வீடு வாங்குகிற நம்மவர்கள். முகப்பு கட்டடத்தில் வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் பொதுவான சொத்து, அதன் பராமரிப்பு உங்கள் மாதாந்தக் கட்டணத்தில்தான் வரும். பெரிய திருத்த வேலைகளுக்கு எவ்வளவு பணம் சேர்க்க வேண்டும் என்று கணக்கிடும் சேமிப்பு நிதி ஆய்வு, கொண்டோ பதிவானதற்குப் பிந்திய முதல் வருசத்துக்குள் செய்யப்பட வேண்டும், பிறகு மூன்று வருசத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். அதில் பழைய சுவருக்கென்று தனியாகத் தொகை இருக்கிறதா என்று கேளுங்கள். ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த வீட்டை வாங்கினால், கூட்டுத்தாபனத்தின் நிதி நிலையைச் சொல்லும் ஸ்ரேற்றஸ் சேர்ட்டிபிக்கற்றில் தேடுங்கள். கட்ட முன்பே வாங்கினால் மனம் மாற உங்களுக்கு 10 நாள் இருக்கிறது. மாநகரசபையோடு பாரம்பரியப் பராமரிப்பு ஒப்பந்தம் ஏதும் காணியில் பதிவாகியிருக்கிறதா, அதன் பொறுப்பு பிறகு உரிமையாளர் கூட்டுத்தாபனத்தின் தலையில் விழுமா என்று அந்த 10 நாளுக்குள் உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டு, பிரதியைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள்.