ரெகே என்றால் அமைதிப் பாட்டா? தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

சென்னையின் டி-ஷர்ட் கடைகளிலும் கொழும்பு முச்சக்கர வண்டிகளின் முதுகிலும் ரெகே பாடகர் பாப் மார்லியைப் பார்த்திருப்பீர்கள். சடைமுடி, சிரிப்பு, சுற்றிலும் புகை. ஜமைக்காவில் பிறந்த ரெகே இசையைப் பற்றித் தமிழில் எழுதப்படுவதும் பெரும்பாலும் அந்தப் படத்தைத் தாண்டுவதில்லை. அரசியல் இசை என்று ஒப்புக்கொள்பவர்கள்கூட ‘ஒடுக்கப்பட்டோரின் குரல்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். யார், யாரை எதிர்த்து, எந்த வருடம் பாடினார்கள் என்ற விவரம் விடுபட்டுப்போகிறது. மற்ற தவறுகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன.

அதில் பெரியது, மார்லியைச் சமாதானப் புறாவாக்குவது. இதற்கு எல்லோரும் காட்டும் சாட்சி ஒரு புகைப்படம். 1978 ஏப்ரல் 22, கிங்ஸ்டன் தேசிய ஸ்டேடியம். பிரதமர் மைக்கேல் மேன்லி ஒரு பக்கம், எதிர்க்கட்சித் தலைவர் எட்வர்ட் சியாகா மறுபக்கம். நடுவில் நின்று இருவர் கைகளையும் தலைக்கு மேலே சேர்த்துப் பிடித்திருக்கிறார் மார்லி. படம் உண்மை. ஆனால் அதற்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்று சொல்லாமல் படத்தை மட்டும் காட்டினால் கதையே மாறிவிடும்.

முன்கதை இது. 1962இல் விடுதலை பெற்ற ஜமைக்காவில் இரண்டே பெரிய கட்சிகள்: மேன்லியின் மக்கள் தேசியக் கட்சி, சியாகாவின் தொழிலாளர் கட்சி. மேற்கு கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகள் கட்சிவாரியாகப் பிரிந்து கிடந்தன. டிவோலி கார்டன்ஸ் தொழிலாளர் கட்சியின் கோட்டை, ஆர்னெட் கார்டன்ஸ் எதிரணியின் கோட்டை. வீடும் வேலையும் கட்சி வழியாகவே கிடைத்தன. துப்பாக்கியும் அப்படித்தான். 1976 டிசம்பரில் நடக்கவிருந்த ஒரு இலவசக் கச்சேரிக்கு மார்லி ஒப்புக்கொண்டார். அரசும் அதில் சேர்ந்திருந்தது. தேதி முடிவான பிறகு அதே மாதத்தில் தேர்தல் என்று மேன்லி அறிவிக்க, கச்சேரி ஆளுங்கட்சி மேடைபோல ஆகிவிட்டது. டிசம்பர் 3 இரவு, மார்லியின் ஹோப் ரோடு 56ஆம் எண் வீட்டுக்குள் புகுந்தவர்கள் சுட்டார்கள். மார்லிக்கும் மனைவி ரீட்டாவுக்கும் மேலாளருக்கும் குண்டு பட்டது. இரண்டு நாள் கழித்து அந்தக் காயத்தோடே மேடையேறிப் பாடிவிட்டு நாட்டைவிட்டுப் போனவர், ஒரு வருடத்துக்கு மேல் திரும்பவில்லை.

திரும்பி வந்தது 1978 கச்சேரிக்காகத்தான். அதை ஏற்பாடு செய்தவர்கள் இரு பக்கத்து அடியாள் தலைவர்கள், கிளாடி மாசப்பும் பக்கி மார்ஷலும். அதே இரவு மார்லிக்கு முன்னால் மேடையேறிய, அவருடைய பழைய குழுத் தோழர் பீட்டர் டாஷ் யார் கையையும் சேர்க்கவில்லை. மேன்லியும் சியாகாவும் கீழே உட்கார்ந்திருக்க, கஞ்சாவைப் பற்றவைத்துக்கொண்டு, போலீஸ் ஏழையை நடத்தும் விதம் பற்றியும் கஞ்சாச் சட்டம் பற்றியும் நெடுநேரம் விளாசினார். நீதி இல்லாத அமைதி யாருக்கு வேண்டும் என்பதுதான் அவருடைய பாட்டும் பேச்சும். சில மாதங்களிலேயே போலீஸ் அவரைப் பிடித்துக்கொண்டுபோய் அடித்து நொறுக்கியது. மாசப்பை 1979இல் போலீஸ் சுட்டுக் கொன்றது. மார்ஷல் 1980இல் நியூயார்க்கில் கொல்லப்பட்டார். அந்த 1980 தேர்தல் ஆண்டில் ஜமைக்காவில் 800க்கும் மேற்பட்டோர் செத்தார்கள். ஆக, ‘இசை நாட்டை ஒன்றாக்கியது’ என்று எழுதுவதற்கு அந்தப் படத்தைப் பயன்படுத்தாதீர்கள். என்னைக் கேட்டால், அன்றைய இரவை டாஷ்தான் சரியாகப் படித்திருந்தார்.

பிறகு சாந்தமூர்த்தி மார்லி எங்கிருந்து வந்தார்? 1984இல், அவர் இறந்து மூன்று வருடம் கழித்து வந்த ‘லெஜெண்ட்’ தொகுப்புக்கு இதில் பெரிய பங்கு உண்டு. கோடிக்கணக்கில் விற்ற அந்தத் தொகுப்பில் காதல் பாட்டும் ஆறுதல் பாட்டுமே அதிகம். ‘வார்’, ‘ஜிம்பாப்வே’ போன்றவற்றுக்கு இடமில்லை.

அடுத்தது, பாடகர்கள் ஒரு பக்கம், அரசியல்வாதிகள் எதிர்ப்பக்கம் என்று கோடு போடுவது. சியாகா அரசியலுக்கு வருமுன் இசைத்தட்டு நிறுவனம் நடத்தியவர்; ஜமைக்கா இசைத்தொழிலின் முன்னோடிகளில் ஒருவர். மேன்லி 1972 தேர்தலில் ரெகே பாடகர்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். டெல்ராய் வில்சனின் ‘பெட்டர் மஸ்ட் கம்’ அவருடைய பிரச்சாரப் பாட்டே ஆனது. ராஸ்தாக்கள், அதாவது ஜமைக்காவின் ராஸ்தஃபாரி சமயத்தார், கடவுளாக வணங்கிய எத்தியோப்பிய அரசர் ஹைலே செலாசி கொடுத்ததாகச் சொல்லி ஒரு கைத்தடியையும் மேடைதோறும் தூக்கிக் காட்டினார். நம் ஊர்த் தேர்தல் மேடைகளைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இருக்காது.

மேற்கோள் விஷயத்திலும் கவனம் வேண்டும். மன அடிமைத்தனத்திலிருந்து உங்களை நீங்களே விடுவித்துக்கொள்ளுங்கள் என்ற வரியை மார்லி படத்தோடு போட்டுப் பகிர்கிறார்கள். அது ஜமைக்காவின் கறுப்பின விடுதலைத் தலைவர் மார்க்கஸ் கார்வி 1937இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பேசியதிலிருந்து வந்தது. ‘வார்’ பாட்டின் சொற்கள் பெரும்பாலும் செலாசி 1963 அக்டோபரில் ஐ.நா.வில் ஆற்றிய உரை. தோலின் நிறத்துக்குக் கண்ணின் நிறத்தைவிட அதிக முக்கியத்துவம் இருக்கும்வரை போர் இருக்கும் என்ற அந்த வாதத்தை மார்லி அப்படியே தாளத்தில் ஏற்றினார். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: பஞ்சத்தில் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது வேடிக்கை பார்த்தார் என்ற கோபத்துக்கு ஆளாகி, 1974இல் அதே செலாசி சொந்த நாட்டில் பதவியிழந்தார்.

கேட்கும் விதத்திலும் ஒரு தவறு உண்டு. செல்போன் ஸ்பீக்கரில் ரெகே கேட்டால் ‘சக்… சக்…’ என்ற கிட்டார் வெட்டு மட்டும்தான் காதில் விழும். கடற்கரை ஓட்டல் பாட்டுபோலத் தோன்றும். பாட்டைத் தூக்கி நிறுத்துவது பேஸ் கிட்டார். டிரம்மைக் கவனியுங்கள்: நான்கு தட்டில் முதல் தட்டு காலியாக இருக்கும், அடி மூன்றாவதில் விழும். மார்லி குழுவில் கார்ல்டன் பேரட் வாசித்தது இதுதான். வானொலி எல்லாப் பாட்டையும் போடாத காலத்தில், ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகளைத் தெருவில் அடுக்கி வைத்து ஊரைக் கூட்டியதால் வளர்ந்த இசை இது. நல்ல ஹெட்போனாவது போட்டுக்கொள்ளுங்கள்.

கஞ்சா பற்றி நீட்டி முழக்க வேண்டாம். ஜமைக்காவில் கஞ்சாப் பழக்கத்தைப் பரப்பியதில் 1845 முதல் கரும்புத் தோட்டங்களுக்குப் போன இந்தியக் கூலிகளுக்குப் பெரும் பங்குண்டு. ராஸ்தாக்களுக்கு அது வழிபாடு, போலீசுக்கு அது ஏழையைப் பிடித்து உள்ளே போட ஒரு சாக்கு. டாஷ் அதைப் பற்றிப் பாடியதும் இந்தச் சட்டத்தை எதிர்த்துத்தான். சிறிய அளவு வைத்திருந்தால் குற்றவழக்கு இல்லை என்று ஜமைக்கா 2015இல்தான் சட்டத்தைத் திருத்தியது.

ஜமைக்காவோடு நிறுத்திக்கொள்வதும் தவறு. லண்டனில் கவிஞர் லிண்டன் க்வெசி ஜான்சன் 1979இல் ஒரு பாட்டு வெளியிட்டார். பிரிக்ஸ்டன் சிறையிலிருந்து மகன் அம்மாவுக்கு எழுதும் கடிதம் அது. தம்பி ஜிம்மோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறான். போலீஸ் வேன் வந்து நிற்கிறது, மூன்று பேர் குதித்துத் தம்பியை அடிக்கிறார்கள். அண்ணன் திருப்பி அடிக்க ஒரு போலீஸ்காரர் செத்துப்போகிறார். தம்பிமேல் சந்தேக வழக்கு, அண்ணன்மேல் கொலை வழக்கு. கோஷம் ஒன்றுகூட இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. சந்தேகம் என்ற பெயரில் கறுப்பு இளைஞர்களைப் பிடிக்கப் பயன்பட்ட அந்த 1824ஆம் ஆண்டுச் சட்டப் பிரிவு 1981இல் ரத்தானது. பாட்டால்தான் ரத்தானது என்று சொல்ல மாட்டேன். அந்த வருடம் பிரிக்ஸ்டன் தெருக்கள் எரிந்தன. ஆப்பிரிக்காவில் ஐவரி கோஸ்ட்டின் ஆல்ஃபா ப்ளாண்டி, தென்னாப்பிரிக்காவின் லக்கி டூபே என்று தனி வரிசையே இருக்கிறது.

கடைசியாக, ரெகேயைப் புனிதமாக்காதீர்கள். விடுதலை பாடிய ராஸ்தா வீடுகளில் பெண்களுக்குக் கட்டுப்பாடு அதிகம். அதற்குள்ளிருந்து ஜூடி மோவாட் 1979இல் கறுப்புப் பெண்ணின் வலியைத் தனி ஆல்பமாகப் பாடினார், அதைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு. ரெகேயின் வாரிசான டான்ஸ்ஹாலில் தன்பாலின ஈர்ப்பாளர்களைக் கொல்லச் சொல்லும் பாட்டுகளும் வந்தன. பூஜு பாண்டன் அப்படி ஒன்றைப் பாடி, பல வருட எதிர்ப்புக்குப் பிறகு 2019இல்தான் அதைத் தன் பட்டியலிலிருந்து நீக்கினார்.

சரி, எங்கே தொடங்குவது? பாடகர் பர்னிங் ஸ்பியர் 1975இல் கார்வியின் பெயரிலேயே வெளியிட்ட ஆல்பம், டாஷின் 1977 ‘ஈக்வல் ரைட்ஸ்’, மார்லியின் 1979 ‘சர்வைவல்’. இந்த மூன்றையும் கேட்டுவிட்டு ‘லெஜெண்ட்’ பக்கம் போங்கள்.