ஹெச்ஆர்வி எண்ணைப் பார்த்துப் பயப்படும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 60 என்றால் இதயம் நொடிக்கொரு முறை கச்சிதமாகத் துடிக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 960 மில்லிநொடி, அப்புறம் 1,030, பிறகு 990 என்று இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று வேகமெடுக்கும், விடும்போது தணியும். இந்த ஏற்ற இறக்கத்தின் அளவுதான் ஹெச்ஆர்வி (ஹார்ட் ரேட் வேரியபிலிட்டி). ஸ்மார்ட் கைக்கடிகாரங்கள் இதை மில்லிநொடியில் ஓர் எண்ணாகக் காட்டுகின்றன. இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்புக்கு இதில் பெரிய பங்கு உண்டு. ஓயாத மன அழுத்தத்தில் அந்த நரம்பின் செயல்பாடு தணிந்து, எண்ணும் குறைவதுண்டு.

பலரும் முதலில் செய்வது, தன் எண்ணை அடுத்தவர் எண்ணோடு ஒப்பிடுவது. வயது கூடக் கூட ஹெச்ஆர்வி இயல்பாகவே குறையும். மரபணுவும் உடற்பயிற்சியும் ஆளுக்கு ஆள் அதை மாற்றும். போதாததற்கு, ஆப்பிள் வாட்ச் காட்டுவது எஸ்டிஎன்என் (எல்லா இடைவெளிகளும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்ற அளவு), வேறு பல கருவிகள் காட்டுவது ஆர்எம்எஸ்எஸ்டி (அடுத்தடுத்த இடைவெளிகளுக்கு இடையிலான வித்தியாசத்தின் அளவு). இரண்டும் வேறு வேறு கணக்கு.

'50-க்குக் கீழே போனால் ஆபத்து' என்று எங்கோ படித்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைப்பவர்கள் இருக்கிறார்கள். மாரடைப்பிலிருந்து பிழைத்தவர்களுக்கு 24 மணி நேர ஈசிஜி எடுத்து, 1987-இல் வெளியான ஆய்வில் வந்த அளவு அது. அந்த நோயாளிகளில் எஸ்டிஎன்என் 50 மில்லிநொடிக்குக் கீழே இருந்தவர்களிடையே இறப்பு அதிகமாக இருந்தது. ஆரோக்கியமான ஒருவரின் கைக்கடிகாரம் சில நிமிடங்களில் எடுத்த எண்ணுக்கு அதைப் பொருத்துவது சரியே இல்லை.

ஒரு நாள் காலை எண்ணை வைத்து முடிவுக்கு வருவதும் வேண்டாம். முந்தைய இரவு குடித்த மது, லேசான காய்ச்சல், கடும் உடற்பயிற்சி, தூக்கக் குறைவு எல்லாமே அதை இறக்கிவிடும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்று நிதானமாக மூச்சு விட்டபடி அளந்தால் எண் அந்த நேரத்துக்கு ஏறும். தினமும் ஒரே நேரத்தில், ஒரே நிலையில் அளந்து, சில வாரப் போக்கைப் பாருங்கள்.

மனச்சோர்வு, பதற்றக் கோளாறு, உயர் ரத்த அழுத்தம், சர்க்கரை நோய் உள்ளவர்களிடம் ஹெச்ஆர்வி சராசரியாகக் குறைவாக இருப்பது உண்மைதான். ஆனால் அது கூட்டத்தின் சராசரி. குறைந்த எண் மட்டும் உங்களுக்கு எந்த நோயும் இருப்பதாகச் சொல்லாது. எண் நன்றாக இருக்கிறது என்பதற்காக, வாரக்கணக்கில் நீடிக்கும் மனச்சோர்வை ஒதுக்கித் தள்ளவும் கூடாது.

எனக்கு மிகவும் கவலை தருவது, 'எண் எவ்வளவு கூடினாலும் நல்லது' என்ற நம்பிக்கை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற கோளாறில் இதயம் தாறுமாறாகத் துடிக்கும். அப்போதும் எண் எகிறும். இடையிடையே வரும் கூடுதல் துடிப்புகளும் அதை உயர்த்திக் காட்டும். காரணமில்லாமல் எண் எகிறி, படபடப்போ தலைசுற்றலோ கூட இருந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் ஈசிஜி எடுத்துப் பாருங்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ வந்தால் நேரே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

மாத்திரை விஷயத்திலும் கவனம் தேவை. மனச்சோர்வுக்கான சில பழைய வகை மருந்துகள் எண்ணைக் குறைக்கும், இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மருந்துகள் பெரும்பாலும் கூட்டும். எண்ணைப் பார்த்து நீங்களாகவே மருந்தை நிறுத்தாதீர்கள்.